பவானி அக்கா கழுவிக் கொண்டுவந்த விதை

பக்கத்து வீட்டுக்காரர் இன்று காலை டிரைவ்வேயில் வைத்து ஒரு மண் பையைக் கத்தியால் கிழித்தார். நான் மாடி ஜன்னலடியில் தேத்தண்ணியோடு நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காற்றுத் திரும்பியது, வந்துவிட்டது அந்த வாசம். ஈரச் சதுப்பு மண், வெயிலே படாத ஓரிடம், மழை நின்று கனநேரமாகியும் காயாத இலைக்கும்பி. ரொறன்ரோ எல்லையில், மில்லிக்கனில் வரிசையாக நிற்கிற கராஜ் கதவுகளுக்கு நடுவில் அந்த வாசத்துக்கு என்ன அலுவல்? ஆனாலும் ஏறி மேலே வந்தது. வேலைக்குப் பிந்திவிட்டாய், வெளிக்கிடு என்றது.

இனி நான் எந்த வேலைக்கும் பிந்த முடியாது. விதை மூட்டை தூக்கித் தூக்கித் தோள் போய்விட்டது. டொக்டர் போதும் என்றார், கடையில் கேக் வெட்டினார்கள். ஐம்பது தாண்டின கையோடு ஓய்வு. தலைக்கு அது விளங்கிவிட்டது. கால்களுக்கு விளங்கவில்லை, சமையலறைக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை இருத்துவதற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நகரத்துக்கு வடக்கே, நான் நின்ற அதே விதைக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் இப்போது நிற்கிற உங்களுக்கு.

மூட்டை அடுக்குவதையும் பில் போடுவதையும் யாராவது காட்டித்தருவார்கள். முகம் வெளுத்துப்போய் ஒரு ஆள் முன்னால் நிற்கும்போது என்ன சொல்வது என்பதை ஒருவரும் காட்டித்தரமாட்டார்கள். அதைப் பற்றித்தான் இது.

காட்டோரமாக, மானுக்கும் காட்டு வான்கோழிக்கும் என்று மனிதர் விதைக்கிற பாத்திகளை நாங்கள் கவுண்டரில் மான் தோட்டம் என்போம். பெயரில் கொஞ்சம் புராணம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் விதைப்பது குளோவர் என்கிற மூவிலைப் பூண்டும் ஓட்ஸும்தான். சிலர் பயறு, சிலர் சோயா. குளோவர் உட்பட அவரை இனம் எதை வாங்கினாலும் அதே கேள்வி வரும். "உந்தக் கறுப்புத் தூள் பூசத்தான் வேணுமோ?"

அந்தத் தூளை இனோக்குலண்ட் என்று சொல்லி விற்கிறோம். சதுப்பு மண்ணுக்குள் உயிரோடு அடைத்த நுண்ணுயிர். அது வேரில் குடியேறிச் சின்ன முடிச்சுகள் கட்டும், காற்றிலிருக்கிற நைதரசனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும். நிலத்தில் அது ஏற்கெனவே இருந்தால் பூசாமலும் தப்பலாம். இல்லாவிட்டால் செடி முளைக்கும், இரண்டு இலை விடும், பிறகு மஞ்சளித்து நிற்கும். சில விதையில் கம்பெனியே அதைச் சுண்ணாம்போடு பூசி அனுப்பும். அப்படியான விதையை வாங்கினவருக்கு எங்களுடைய ஆட்கள் "எல்லாம் பூசிக் கிடக்கு, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்று சொல்லி அனுப்புவார்கள். உண்மை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்.

ஒரு ஓகஸ்ட் சனிக்கிழமை, அந்தச் சரியான பதில் ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்குள் திரும்பி வந்தது.

பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், பெயர் பவானி என்று பிறகு அறிந்தேன். பேசினை ஈரத்துணி மூடியிருந்தது. கவுண்டரில் வைத்தார், முகத்தைத் துடைத்தார், மேலும் கீழும் என்னைப் பார்த்தார்.

"தமிழோ நீர்?"

"ஓம் அக்கா."

"நல்லதாப் போச்சு. இங்கிலிசில பேச வராது எனக்கு. அதாவது, ஏச வராது."

துணியை விலக்கினார். உள்ளே குளோவர் விதை. கடுகிலும் சின்னது, மஞ்சளும் ஊதாவும் கலந்து, ஈரத்தில் மினுங்கியது. அவ்வளவு சுத்தமான விதையை அந்தக் கடையில் நான் கண்டதேயில்லை.

"என்ர மனுசன் போன கிழமை உங்களிட்டை வேண்டினது. நேசன் எண்டு பேர். எங்கை பாத்தாலும் பூஞ்சணம். முழு விதையும் சாம்பல் பிடிச்சுக் கிடந்தது. அந்தாள் ஆரோடையும் கதைக்கமாட்டார், தந்ததை வேண்டிக்கொண்டு வந்திடுவார். அதுதான் நான் வந்தனான்."

"அக்கா, பூஞ்சணம் இதிலை இல்லையே."

"எப்பிடி இருக்கும்? காலமை நான் கழுவிப்போட்டன்." குரலில் ஒரு நிமிர்வு. "பேஸ்மென்ற் தொட்டியில வைச்சு, அரிசி களையிற மாதிரி மூண்டு தண்ணி. ஓடிப்போயிடும் எண்டு அவற்ற பழைய வேட்டியில வடிச்சு எடுத்தனான். உழுந்து பயறு எல்லாம் அப்பிடித்தானே. கழுவாமல் ஆர் எதைப் போடுறது?"

அந்தச் சாம்பல்தான் சுண்ணாம்பு. அதற்குள்தான் நுண்ணுயிர். அதுவும் குளோரின் போட்ட ரொறன்ரோத் தண்ணீரில், மூன்று தரம்.

இந்த இடத்தில் சத்தமில்லாமல் ஒரு சோதனை இருக்கிறது, பிள்ளைகள். ஏச வந்தவருடைய பிழை தெரிந்துவிட்ட அந்தக் கணம். உங்களுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எழும்பும். அதை இருத்துங்கோ. மெல்லமாகச் சொன்னேன், எது கழுவப்பட்டது, அது ஏன் அங்கே இருந்தது என்று. அவர் துணியின் ஓரத்தைப் பிடித்துப் பிழிந்துகொண்டே நின்றார், தண்ணீர் வருவது நின்ற பிறகும்.

"அப்ப நான் எல்லாத்தையும் தொலைச்சுப்போட்டன்," என்றார்.

பிறகுதான் விசயம் வந்தது. நேசன் அண்ணை கோடையில் புல் வெட்டுகிறவர், குளிரில் பனி தள்ளுகிற ஸ்னோ ட்ரக் ஓடுகிறவர். ஸ்னோ வேலை எல்லாம் இரவில்.

"அவருக்கு இப்ப இரவில கண் வடிவாத் தெரியிறேல்லை. போன விண்டர் ஒரு வீட்டு வேலியில கொண்டே விட்டவர். வேலியோடை போச்சு. அந்த வேலிக்கங்கால ஒரு பிள்ளையின்ர ஊஞ்சல் நிண்டது. அண்டைக்கு வந்து சாப்பிடேல்லை மனுசன். ஒண்டும் சொல்லவும் இல்லை. நான்தான் பேந்து போய்ப் பாத்தனான்." மூச்சை இழுத்தார். "இந்த விதை போடுற காணிக்காரி வெள்ளை மனுசி, நல்லவ. அவவின்ர காட்டில மானுக்குக் கொட்டை விழுத்துற பீச் மரமெல்லாம் வருத்தம் வந்து பட்டுப்போச்சு, மானுக்குத் தின்ன ஒண்டும் இல்லையெண்டு இந்தத் தோட்டத்தைக் கேட்டவ. ஸ்னோ விழ முந்திப் பச்சையா வந்திட்டா முழுக் காணி வேலையும் வருசம் முழுக்க இவருக்குத்தானாம். வராட்டி அங்கை ட்ராக்டர் வைச்சிருக்கிற கம்பெனிக்குக் குடுத்திடுவாவாம். அப்ப இவர் திரும்ப ட்ரக்கிலதான் ஏறோணும்."

நேசன் அண்ணை அந்த நேரம் காணியில், மண்ணைக் கிளறித் தயாராக்கிவிட்டு விதைக்காகக் காத்திருந்தார். பின்னேரம் மழை என்று எல்லா ஃபோனும் சொன்னது. கழுவின கதை அவருக்குத் தெரியாது.

பூசின விதை எங்களிடம் முடிந்துபோயிருந்தது. பின்னால் போய்ப் பிரிட்ஜைத் திறந்தேன். இருந்தது சோயாவுக்கான தூள் மட்டும். பவானி அக்கா அதையே பார்த்தார்.

"உதும் அவரை இனத்துக்குத்தானே? உதைப் போட்டா என்ன?"

"ஒவ்வொண்டுக்கும் வேற வேற நுண்ணுயிர் அக்கா. இது குளோவரோடை சேராது."

"உதுக்கும் பொருத்தம் பாக்கோணுமோ?"

"ஓம். சாதகம் சரிவராது."

அந்த நிலையிலும் சிரித்தார். சிரித்ததால் அழுகையும் வந்தது.

தேடத் தேட, குளோவருக்கான பொதி ஒன்றே ஒன்று அகப்பட்டது. யாரோ அதைப் பிரிட்ஜில் வைக்காமல் முன் ஜன்னல் தட்டில் வைத்திருந்தார்கள், அழகுக்கு. வெயில் அதை எத்தனை நாள் அவித்ததோ. கையில் எடுத்தேன், சூடாக இருந்தது. மனேச்சர் என் பின்னால் வந்து காதுக்குள் சொன்னார், அதைச் சும்மா கொடுத்து அனுப்பு, அந்த அம்மா நிம்மதியாகப் போகட்டும் என்று. அவர் கெட்டவரல்ல. அவர் சொன்னதில் இரக்கம் இருந்தது.

நான் பொதியைக் குப்பையில் போட்டேன். செத்த தூளைக் கொடுத்தால் அக்கா அன்றைக்கு நிம்மதியாகப் போயிருப்பார். ஒக்ரோபரில் அந்த நிம்மதி மஞ்சளாகத் திரும்பி வந்திருக்கும். அப்போது நேசன் அண்ணை ட்ரக் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்.

"இனி வராதோ?" என்று கேட்டார் அக்கா.

ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கவுண்டருக்குப் பின்னால் நின்று சொன்னால் இரண்டுக்கும் ஒரே பெறுமதி.

"எனக்குத் தெரியேல்லை அக்கா. அந்த மண்ணைத்தான் கேக்கோணும். எனக்கு மத்தியானத்தோடை வேலை முடியுது. நில்லுங்கோ, நானும் வாறன்."

அவர் காரில்தான் போனோம். பேசின் என் மடியில், ஈரம் கால்சட்டைக்குள் இறங்கியது. பெருந்தெருவில் வீடுகள் குறைந்து சோளம் தொடங்கி, சோளம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அக்கா மெல்ல வாயைத் திறந்தார்.

"நீர் ஒரு உதவி செய்வீரோ? கடையில பிழை விட்டிட்டம் எண்டு அவரிட்டைச் சொல்லும். விதை மாறிப்போச்சு எண்டு."

"சொல்லுவன். பேந்து அவர் கடைக்கு வந்து கேட்டா?"

"அவர் கேக்கமாட்டார். நான் சொன்னனே, ஆரோடையும் கதைக்கமாட்டார்."

"அப்ப உங்களையும் ஏசமாட்டார்தானே."

அக்கா சிக்னல் போடாமல் ஒரு லேன் மாறினார்.

நேசன் அண்ணை நெடிய மனிதர். ஒரு பேர்ச் மரத்தடியில் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார். முன்னால் கிளறின மண், ஒரு வீட்டு வளவு அளவு, கறுப்பாக, மட்டமாக, வாரி இழுத்த கோடுகளோடு கிடந்தது. அவ்வளவு கவனமாகச் செய்த வேலையைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. கார் நின்றதும் அக்கா இறங்கி நேரே அவரிடம் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"இஞ்சருங்கோ, விதையை நான் கழுவிப்போட்டன். பூஞ்சணம் எண்டு நினைச்சு. அது பூஞ்சணம் இல்லையாம்."

அண்ணை பேசினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"வடிவாக் கழுவினீரோ?"

"மூண்டு தண்ணி."

"அப்ப ஒண்டும் மிஞ்சியிராது," என்றார். அவ்வளவுதான். மண்வெட்டியை மட்டும் ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

பாதையோரம் முழுக்கக் காட்டுக் குளோவர், வெள்ளைப் பூ, தேனீ. விதைத்தவர் யாருமில்லை. அது அங்கே செழித்து நின்றதென்றால் அதன் வேரில் யாரோ குடியிருக்க வேண்டும். நான் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் வெறும் நூலாக வந்தது. ஒரு முடிச்சும் இல்லை. இன்னொன்று. அதுவும் வெறும் நூல். அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். வாய்க்குள் வந்த "முடிஞ்சுது" என்ற சொல்லை நான் விழுங்கினேன்.

அப்போதுதான் என் கைக்குப் புத்தி வந்தது. பிடுங்கினால் முடிச்சு மண்ணோடு அறுந்து நின்றுவிடும். அவசரத்தில் எல்லாருக்கும் கை முந்தும், பிள்ளைகள். முந்தின கை கொண்டுவருகிற செய்தியை நம்பாதேங்கோ.

"அண்ணை, மண்வெட்டியைத் தாங்கோ. இல்லை, நீங்களே வெட்டுங்கோ, மண்ணோடை சேத்து."

ஒரு கட்டியைத் தோண்டி எடுத்தார். ஓடைத் தண்ணீர் ஒரு வாளியில் இருந்தது, அதற்குள் தாழ்த்தினேன், மண் தானாகக் கரையட்டும் என்று விட்டேன். மேகம் வந்து வெயிலை மூடித் திறந்தது. மண் இறங்க இறங்க வேர் வெளியே வந்தது, அதன்மேல் பொட்டுப் பொட்டாக, ரவை ஒட்டினதுபோல முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசித்தேன். உள்ளே குழந்தையின் பல்லீறு போல மெல்லிய சிவப்பு.

"உதென்ன, ரத்தமோ?" என்றார் அக்கா.

"உயிரோடை வேலை செய்யுது எண்டதுக்கு அடையாளம். சிவப்பெண்டா நல்லது."

அக்கா நிலத்தில் இருந்துவிட்டார். சேலையில்லை, நல்ல காற்சட்டை, ஈர மண். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

ஆனால் பாதையோரம் ஒன்று, நடு நிலம் வேறொன்று. நடு நிலத்தில் முந்திச் சோளம் போட்டிருக்கிறார்கள், வருசக்கணக்காக, களைகொல்லி அடித்து. அது குளோவரைக் கண்ட மண் இல்லை. ஓரத்தில் கண்ட சிவப்பை நடுவுக்கும் சாட்சியாக எடுக்கலாமா? நேசன் அண்ணையே அதைக் கேட்டார், நான் சொல்ல முந்தி. "இது இஞ்சை. அங்கை?"

கடைக்கு வந்து ஒன்றும் வாங்காமல் மணிக்கணக்காகக் கதைத்துவிட்டுப் போகிற ஒரு விவசாயி இருந்தார். பெயர் கடைசிவரை தெரியாது. தூள் கடைக்கு வர முந்தின காலத்தில், நல்ல குளோவர் நிலத்து மண்ணை அள்ளிக்கொண்டுபோய்ப் புது நிலத்தில் தூவுவார்களாம் என்று ஒரு நாள் சொன்னார். நான் அப்போது மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன், பாதிக் காதால்தான் கேட்டேன். அந்தப் பாதிக் காதுதான் அன்றைக்கு உதவியது.

"ஓரத்து மண்ணை அள்ளுவம் அண்ணை. நிழலுக்குள்ள வைச்சு விதையோடை கலந்து, இப்பவே விதைப்பம். களையும் கொஞ்சம் கூட வரும், வரட்டும். விதை ஊறிப்போச்சு, நாளைக்கு வைக்கேலாது. இது சரிவரும் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன். ஆனா என்ர காணியெண்டா இதைத்தான் செய்வன்."

அண்ணை மண் அள்ள வாளியை வெறுமையாக்கினார். "சரி," என்றார்.

பேர்ச் மரத்து நிழலில் இருந்து மூன்று பேரும் கையாலேயே பிசைந்தோம். வேர் மண், விதை, திரும்ப மண். அக்கா புட்டுக்கு மா குழைப்பதுபோல விரல்நுனியால் உதிர்த்தார். கட்டியே இல்லாமல். "உதைப் பாத்தா இனிக் கழுவோணும் போல கிடக்கு," என்றார் அண்ணை. "வாயை மூடிக்கொண்டு விதையுங்கோ," என்றார் அக்கா.

ஒரு மூலையில் ஒரு துண்டு நிலத்துக்கு மட்டும் மண் கலக்காத வெறும் விதையைப் போடச் சொன்னேன். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. வீண் என்று நினைத்தார். எங்களுக்கு உண்மை தெரியவேண்டும் என்றேன். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஓட்ஸ். கடைசிப் பிடியை எறிந்துவிட்டுக் கார்க் கதவைத் திறக்கும்போது முதல் துளி விழுந்தது. பலத்த மழையில்லை. பொறுமையான, மெல்லிய, நின்று பெய்கிற மழை. காருக்குள் மூன்று பேரும் மண் கையோடு இருந்து அதைப் பார்த்தோம்.

அதன்பிறகு கடையில் யார் கதவைத் திறந்தாலும் நான் தலையை நிமிர்த்தினேன். செப்டெம்பரில் அக்கா ஃபோனில் படம் அனுப்பினார், பச்சைத் தூசு போல ஒன்று. படத்தில் எல்லாம் பச்சைதான் என்று நான் நம்பவில்லை.

ஒக்ரோபரில், இலையெல்லாம் கொட்டின ஒரு பின்னேரம், காணிக்காரி வருகிறா என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தூரத்திலேயே தெரிந்தது. மஞ்சள் இல்லை. ஓட்ஸ் கணுக்காலுக்கு மேல், அதன் காலடியில் குளோவர் மூன்று மூன்று இலையாகக் கைகோத்து, பச்சை, முழுப் பச்சை. நேசன் அண்ணை நடுவில் போய் ஒரு கட்டியை வெட்டினார். இந்த முறை நான் சொல்லத் தேவைப்படவில்லை. வாளியில் தாழ்த்தி, நசித்து, விரலைக் காட்டினார். சிவப்பு.

பிறகு அந்த மூலைக்குப் போனோம், வெறும் விதை போட்ட துண்டுக்கு.

அதுவும் பச்சை. அதே பச்சை. வெட்டிப் பார்த்தோம், அதிலும் முடிச்சு, அதிலும் சிவப்பு. அந்த மண்ணுக்குள் அவை ஏற்கெனவே இருந்திருக்கின்றன, சோளத்துக்கு அடியில் பேசாமல் காத்துக்கொண்டு.

பவானி அக்கா இடுப்பில் கையை வைத்தார். "அப்ப நான் கழுவினது பிழையில்லை."

"பிழைதான்," என்றார் அண்ணை. "தப்பிட்டீர்."

நான் சிரித்துச் சிரித்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு யாருக்கும் "தூள் தேவையில்லை" என்று சொல்லிப்போடாதேங்கோ. அதே காணியில் சோயா போட்டிருந்தால், அந்த மண் சோயாவைக் கண்டதேயில்லை, பட்டினிதான். பூசுகிற செலவு சின்னது, பூசாமல் போகிற சீசன் பெரிது. பூசச் சொல்லுங்கோ. விதை ஏற்கெனவே பூசி வந்ததென்றால் அதையும் சொல்லி, சாம்பலாகத்தான் இருக்கும், கழுவக்கூடாது என்பதையும் சொல்லுங்கோ. அது முட்டாள்தனமான புத்திமதி என்று நினைக்கிறவர்கள் பயறு களைந்து வளராதவர்கள். ஒன்றும் பூசாமல் விதைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவரிடம் மட்டும், முந்தி அங்கே என்ன வளர்ந்தது என்று கேளுங்கோ, மண்வெட்டி இருக்கிறதா என்று கேளுங்கோ.

காணிக்காரி வந்தா. நரைத்த தலை, பெரிய சப்பாத்து. பாத்தியைச் சுற்றி நடந்தா, ஓரிடத்தில் முழங்காலில் இருந்தா. குளோவரின் நுனிகள் அங்கே கடிபட்டிருந்தன; ஈர மண்ணில் பிளந்த குளம்பு, சின்னதும் பெரிதுமாக. தாயும் குட்டியும் என்றா. எழும்பி, பட்டுப்போன பீச் மரங்களைக் காட்டினா. இந்தக் குளிர்காலம் அவற்றை வெட்டி இறக்கவேண்டும், பாதை திருத்தவேண்டும், வசந்தத்தில் மற்ற வெளிகளையும் விதைக்கவேண்டும் என்றா. பிறகு நேசன் அண்ணையைப் பார்த்து, பகலில் மட்டும் வா, இருட்டில் இங்கே வெளிச்சம் போட்டால் மான் கலைந்துவிடும் என்றா.

அண்ணை தலையாட்டினார். பிறகு நன்றி சொல்ல மறந்து நின்றார், அக்கா முழங்கையால் இடித்த பிறகுதான் சொன்னார்.

அன்றைக்கு நான் என் காரில் வந்திருந்தேன். மரங்களுக்குப் பின்னால் வெயில் சிவந்துகொண்டிருந்தது. ஏறி இருந்து ஜன்னலை இறக்கினேன். அண்ணை வந்து கூரையில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். கனக்கக் கதைக்காத மனிதர், சொல்லைத் தேடினார், அது வரும்வரைக்கும் நான் என்ஜினைத் திருப்பவில்லை.

"வெளிச்சத்தோடை போய்ச் சேரும், தங்கச்சி," என்றார். "எனக்கு இனி எல்லா வேலையும் பகலோடை முடிஞ்சிடும்."